சாகும் ஊரின் சீவிதம்

எரிமலை அழிக்கும் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பூகோளம் போதித்து வருகிறேன். கரும்பலகையில் ஒரு கூம்பு வரைந்து, உச்சியில் புகையும் நெருப்பும் காட்டி, அடிவாரத்தில் இரண்டொரு வீடுகளையும் போட்டுவிட்டு, "இந்த வீடுகளின் கதி என்ன ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்!" என்று கேட்பது என் வழக்கம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் வரும். அந்தப் பாடத்தில் பாதிதான் உண்மை என்பதை இத்தாலி தேசத்தில் ஓர் ஏரிக்கரையில் நான் கற்றுக்கொண்டேன். எரிமலை ஊரை அழிப்பதுண்டு. எரிமலையே ஊருக்கு இடம் கொடுப்பதும் உண்டு. அது கொடுத்த இடத்தை மழைத்துளி சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. பின்னிரண்டையும் ஒரே நாளில், ஒரே குன்றின் மேல் கண்டேன்.

அக்குன்றின் மேலுள்ள ஊருக்குச் சீவிதா என்று பெயர். பக்கத்தூரான பன்யோரேஜோவின் பெயரையும் சேர்த்துச் 'சீவிதா தி பன்யோரேஜோ' என்று வழங்குவார்கள். நகரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆயினும் தமிழன் காதில் அது 'சீவிதம்' என்றே விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், இத்தாலியர் இவ்வூருக்குச் சூட்டியிருக்கும் பட்டப் பெயர் 'சாகும் ஊர்' என்பது!

கறுப்பு மணற்கரை

என் தமக்கையின் குமாரன் ரோமாபுரியில் உத்தியோகம் பார்க்கிறான். "மாமா, ஆயுள் முழுவதும் படத்தில் காட்டிய தேசங்களில் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டாமா?" என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சென்ற மே மாத விடுமுறையில்தான் அதற்கு வேளை வாய்த்தது. நான்கு நாட்கள் ரோமாபுரியைச் சுற்றினோம். பார்க்கப் பார்க்கப் பிரமிப்பு. நடக்க நடக்கக் கால்வலி. ஐந்தாம் நாள் காலையில் அவன், "இனிக் கூட்டமே இல்லாத ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன்" என்றான். அந்த வாக்கு எவ்வளவு தூரம் பலித்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

ரோமாபுரிக்கு வடக்கே 100 கிலோமீட்டருக்கு மேல் மோட்டாரில் சென்று, மாலையில் பொல்சேனா என்னும் ஏரியை அடைந்தோம். ஐரோப்பாவிலுள்ள எரிமலை ஏரிகளில் இதுவே மிகப் பெரியது. பரப்பு ஏறக்குறைய 114 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 151 மீட்டர். நீர் தெளிவாக இருக்கிறது. கரை மணலோ கறுப்பு. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். உலைக்களத்துச் சாம்பலைத் தொட்டது போலிருந்தது.

ஏரியின் நடுவில் இரண்டு தீவுகள் தெரிகின்றன. ஒன்று பிசென்தீனா, மற்றொன்று மர்த்தானா. கி.பி. 535-இல், கோத்தியரின் அரசியான அமலசுந்தா என்பவளை மர்த்தானாவில் சிறை வைத்துக் கொலை செய்தார்கள். பெயரைக் கேட்டால் நம் நாட்டுப் பெண் போலிருக்கிறது அல்லவா? அந்தக் கொலையைக் காரணமாகக் காட்டி, கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் இத்தாலியின் மீது படையெடுத்தான். பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இத்தாலி யுத்த பூமியாக இருந்தது. இவ்வளவு அமைதியான நீரைப் பார்த்துக்கொண்டு அதை நம்புவது கஷ்டம்.

இந்த ஏரி உண்டான விதத்தை நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசத்தில் எரிமலைகள் பல இருந்தன. அவை மீண்டும் மீண்டும் குமுறித் தம் வயிற்றிலிருந்ததை எல்லாம் வெளியே கொட்டின. உள்ளே வெறுமையாகிவிட்ட நிலம் பாரம் தாங்காமல் சரிந்து பெரும்பள்ளம் ஆயிற்று. மழையும் ஊற்றும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்பின. அதுதான் ஏரி. அப்படியானால் வெளியே கொட்டிய சாம்பல் எங்கே போயிற்று? சுற்றிலும் பல காத தூரத்துக்கு மழையாகப் பெய்து, படிந்து, இறுகிப் பாறையாயிற்று. சாம்பற்பாறையாலான அந்தப் பீடபூமியில் எஞ்சி நிற்கும் ஒரு துண்டின் மேல்தான் சீவிதா இருக்கிறது. ஏரி பள்ளம், ஊர் மேடு. இரண்டும் ஒரே அடுப்பில் பிறந்தவை.

அந்தரத்தில் ஓர் ஊர்

மறுநாள் காலை ஏரியை விட்டுக் கிழக்கே மேட்டில் ஏறினோம். உச்சியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், பொல்சேனா வட்டமான வெள்ளித் தாம்பாளம் போல் கிடந்தது. மேட்டைத் தாண்டி மறுபுறம் சென்றதும் பன்யோரேஜோ வந்தது. கடைத்தெரு, தேவாலயம், நகர சபை எல்லாம் உள்ள சிறு பட்டணம் இது. அதன் நீண்ட வீதியைக் கடந்து கடைசி வீட்டுக்கு அப்பால் போனதும், தரை சட்டென்று முடிந்துவிடுகிறது.

எதிரே அகன்ற பள்ளத்தாக்கு. அதில் வெளிறிய களிமண் முகடுகள், கத்தி முனைகளை வரிசையாக நட்டு வைத்தாற்போல் நிற்கின்றன. புல் பூண்டு கூட அவற்றின் மேல் பிடிக்கவில்லை. பள்ளத்தாக்கின் நடுவே தனியாக ஒரு குன்று. அதன் தலையில் செங்குத்தான பழுப்புப் பாறை. பாறையின் விளிம்பு வரை நெருக்கமாகக் கல் வீடுகள். வீடுகளுக்கு மேலே ஒரு மணிக்கூண்டு. கீழே பனிமூட்டம் இருந்தால் ஊர் ஆகாயத்தில் மிதப்பது போலவே தோன்றுமாம். அன்று பனி இல்லை. அப்படியும் அது தரையைச் சேர்ந்த ஊர் என்று சொல்ல மனம் வரவில்லை.

கண்ணுக்கு அழகாயிருக்கும் இந்தக் காட்சியிலேயே ஊரின் வியாதியும் தெரிகிறது. மேலே இருப்பது சாம்பற்பாறை. அது கடினமானது, ஆனால் வெடிப்புகள் உள்ளது. கீழே இருப்பது களிமண். சாம்பல் விழுவதற்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் அடிமண் அது. மழைநீரும், குன்றின் இருபுறமும் ஓடும் இரண்டு சிற்றாறுகளும் களிமண்ணை ஓயாமல் கரைக்கின்றன. அடி கரைந்தால் முடி நிற்குமா? ஆதாரமில்லாமற் போன பாறை விளிம்பு வெடித்து, பாளம் பாளமாகப் பள்ளத்தில் விழுகிறது. அதன் மேல் வீடு இருந்தால் வீடும் விழுகிறது. நீர் விட்டுச் சென்ற மண்ணின் மேல் நெருப்பு ஒரு பீடம் போட்டது; அதன் மேல் மனிதன் ஊர் கட்டினான். இப்பொழுது நீர் தன் மண்ணைத் திரும்பக் கேட்கிறது.

பாலமும் முழங்காலும்

ஊருக்குள் மோட்டார் போக முடியாது. கால்நடைப் பாலம் ஒன்றுதான் வழி. அதன் நீளம் 300 மீட்டருக்குக் குறையாது. முதலில் இறங்கி, நடுவில் சமமாகி, கடைசியில் ஏணி போல் ஏறுகிறது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை முன்னால் போய் நின்றுகொண்டு, "மெதுவாக வாருங்கள், மாமா" என்று சொல்லும்போது, நாற்பதைத் தாண்டியவனுக்கு முழங்காலை விட மனம்தான் அதிகமாக வலிக்கிறது.

முற்காலத்தில் இங்கே பாலம் வேண்டியிருக்கவில்லை. சீவிதாவுக்கும் பன்யோரேஜோவுக்கும் இடையே ஒரு மண் முதுகு இருந்தது. மக்கள் அதன் மேல் நடந்தே போய்வந்தார்கள். அக்காலத்தில் சீவிதாதான் பெரியது, பன்யோரேஜோ அதன் புறஞ்சேரி. 1695-இல் ஒரு பெரும் பூகம்பம் உண்டாயிற்று. வீடுகள் பல இடிந்தன. பிஷப்பும் நகர சபையாரும் அக்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரியவர்கள் போனால் கடைக்காரன் போவான். கடைக்காரன் போனால் குடிகளும் போவார்கள். இடையிலிருந்த மண் முதுகும் தேய்ந்து தேய்ந்து, ஊர் ஒரு தீவாயிற்று. பிறகு கட்டிய பாலத்தை, இரண்டாம் உலக யுத்தத்தில் 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்துவிட்டுப் போயிற்று. இப்போதுள்ள சிமெண்டுப் பாலம் 1965-இல் கட்டப்பட்டது. எல்லாச் சாமான்களும் இதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பழைய நாளில் கழுதை சுமந்ததை இன்று சிறு மோட்டார் வண்டிகள் இழுக்கின்றன.

சிங்கங்கள் காக்கும் வாசல்

பாலத்தின் முடிவில் ஊர் வாசல். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன், ரோமாபுரி சாம்ராஜ்யம் ஆவதற்கு வெகு காலம் முன்னே, எட்ருஸ்கர் என்னும் பழங்குடியினர் இவ்வூரை உண்டாக்கினார்கள். பாறையைக் குடைந்து வழியும் அறையும் சுரங்கமும் செய்வதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். வாசலுக்குள் நுழையும் குடைவழியும் அவர்கள் வேலைதான். இன்று அந்த இனமும் இல்லை, அவர்கள் பேசிய மொழியும் இல்லை. அவர்கள் வெட்டிய வழியில் இன்னும் ஜனங்கள் நடக்கிறார்கள்.

வாசலின் மேலே இரண்டு கற்சிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நகங்களுக்கிடையே ஒரு மனிதத் தலையைப் பிடித்திருக்கிறது. முதலில் பார்க்கும்போது திடுக்கிடும். ஆர்வியேதோ என்னும் நகரத்து மொனால்தெஸ்கி பிரபு வம்சத்தார் இப்பிரதேசத்தை அடக்கி ஆண்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஊர்மக்கள் எழுச்சி செய்து அந்தப் பிடியை உதறினார்கள். அதன் ஞாபகமாக வைத்த சிங்கங்கள் இவை. முந்திய இரவு பொல்சேனா ஏரிக்கரையில் ஒரு கோட்டையின் நிழலில் உட்கார்ந்து உணவருந்தினோம். அந்தக் கோட்டைக்கு இன்றும் மொனால்தெஸ்கி கோட்டை என்றே பெயர். பிரபுக்களின் கோட்டை ஏரிக்கரையில் உறுதியாக நிற்கிறது. அவர்களை எதிர்த்து நின்ற குடிகளின் ஊர் கரைகிறது. சரித்திரம் நியாயம் பார்ப்பதில்லை.

ஆகாயத்துக்கு ஜன்னல்

வாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பு. அழகான கல் வேலை, வரிசையாக ஜன்னல்கள். அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலுக்குள் அறை இல்லை, கூரை இல்லை. நீல வானம்தான் தெரிந்தது. முகப்பு மட்டும் நிற்கிறது. பின்னாலிருந்த மாளிகை தரையோடு சேர்ந்து பள்ளத்தில் போய்விட்டது. கோயிலில் கோபுரம் மட்டும் நின்று கர்ப்பக்கிருகம் மறைந்துபோனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஊர் சிறியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சில நிமிஷங்களில் நடந்துவிடலாம். நடுவில் கல் பாவாத மண் சதுக்கம். வருஷத்துக்கு இருமுறை, ஜூனிலும் செப்டம்பரிலும், இங்கே கழுதைப் பந்தயம் நடக்கிறது. அக்கரைக்குப் போய்விட்ட குடும்பத்தாரும் அன்று திரும்பி வந்துவிடுவார்களாம். சதுக்கத்தின் ஒரு பக்கம் சான் தொனாத்தோ தேவாலயம். ஒரு காலத்தில் பிஷப் வீற்றிருந்த பேராலயம் இது. வாசலில் கிடக்கும் கல் தூண்களின் அடித்துண்டுகள் அதற்கும் முந்திய கோயில் ஒன்றைச் சேர்ந்தவை.

கிறிஸ்தவ உலகத்தின் மகா பண்டிதர்களில் ஒருவரான புனித பொனவெந்தூரா 13-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்தவர். பிரான்சிஸ் துறவியின் சபைக்கு 1257 முதல் தலைவராக இருந்தவர், 1274-இல் காலமானார். அவர் பிறந்த வீட்டைப் பார்க்க விரும்பினேன். ஒரு சந்தின் முனைக்கு அழைத்துச் சென்று, விளிம்புக்கு அப்பால் காற்றைச் சுட்டிக் காட்டினான் என் மருமகன். "வீடு அங்கேதான் இருந்தது, மாமா" என்றான். இடமே போய்விட்டது. மகான்கள் பிறந்த மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வது நம் வழக்கம். இங்கே அதற்கும் வழியில்லை. மண் முந்நூறு அடிப் பள்ளத்தில் ஆற்றோடு போயிற்று.

ஊர் முழுவதும் இதே கதை என்று எண்ணிவிட வேண்டாம். பழைய மாளிகை ஒன்றில் நிலச்சரிவுக்கென்றே ஓர் அருங்காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். பூகோள உபாத்தியாயருக்குக் கல்யாண விருந்து போன்ற இடம்! பாறைக்குள் நீண்ட உருக்குக் கம்பிகளைச் செலுத்தி வெடிப்புகளை இணைக்கும் முறையையும், மழைநீரை உள்ளே இறங்காமல் வடிக்கும் முறையையும் படங்களாலும் மாதிரிகளாலும் விளக்குகிறார்கள். கிழிந்த துணியைத் தாய் தைப்பது போல் இந்தக் குன்றைத் தைத்து வைத்திருக்கிறார்கள். 2006-இல் உலக நினைவுச் சின்ன நிதியம் வெளியிட்ட, உலகில் அபாயத்திலுள்ள 100 இடங்களின் பட்டியலில் சீவிதாவும் இடம் பெற்றது. தையல் நாளைக் கடத்தும், நோயை மாற்றாது. இதை அங்கே யாரும் மறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் எங்கே?

நடுப்பகலுக்கு ஒரு சிறு கடையில் உட்கார்ந்தோம். ரொட்டியைக் கணப்பில் சுட்டு, பூண்டைத் தேய்த்து, அவ்வூர் ஒலிவ எண்ணெயை வார்த்துக் கொடுத்தார்கள். எளிய உணவு, நம் சுட்ட அப்பளமும் நல்லெண்ணெயும் போல நாக்கில் நிற்கிறது.

கடைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். என் மருமகன் மொழிபெயர்க்க, பேச்சுக் கொடுத்தேன். நான் உபாத்தியாயன் என்று தெரிந்ததும் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"ஊரில் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நான் சற்று நேரம் பேசவில்லை. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்றார் அவர். எஞ்சிய வீடுகளில் பல வெளியூர்க் கனவான்களுக்குச் சொந்தம். கோடையில் சில நாட்கள் வந்து தங்குவார்கள். இந்தப் பெரியவர் பிறந்தது சீவிதாவில்; வசிப்பது அக்கரையில். தினந்தோறும் காலையில் பாலம் ஏறி வந்து, மாலையில் இறங்கிப் போகிறார்.

"சாகும் ஊர் என்று சொல்லுகிறார்களே, உங்களுக்கு வருத்தமாக இல்லையா, ஐயா?" என்றேன்.

"வாலிபத்தில் கோபம் வந்தது. இப்பொழுது வருவதில்லை. வைத்தியர் கைவிட்ட நோயாளியைப் பார்க்க ஊரெல்லாம் வருகிறதல்லவா? வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அதை வைத்தே நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பட்டப் பெயரைப் பரப்பியவர் வெளியூரார் அல்லர். பன்யோரேஜோவில் 1896-இல் பிறந்து, ரோமாபுரிப் பல்கலைக் கழகத்தில் ஜெர்மன் இலக்கியம் கற்பித்து, 1968-இல் காலமான பொனவெந்தூரா தெக்கி என்னும் எழுத்தாளர் அவர். தம் ஊர் கண்ணெதிரே கரைவதைக் கண்டு துக்கத்தோடு எழுதிய சொல் அது. துக்கத்தில் பிறந்த அந்தச் சொல்லே பிற்காலத்தில் ஊருக்கு விளம்பரப் பலகையாகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அனுமதிச் சீட்டு

பாலத்துக்கு முன்னால் ஒரு சீட்டு ஜன்னல் இருக்கிறது. ஊருக்குள் நுழைய ஆளுக்கு 5 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய 500 ரூபாய். கோட்டைக்கும் அருங்காட்சிசாலைக்கும் சீட்டு வாங்கியிருக்கிறேன். ஓர் ஊருக்குச் சீட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. 2013-இல் ஒன்றரை யூரோவில் இதைத் தொடங்கினார்கள். வெனிஸ் நகரமே பகல் யாத்திரிகரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024-இல்தான்.

கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்தது நேர்மாறு. 2010-ஐ ஒட்டி ஆண்டுக்கு 40,000 பேர் வந்த இடத்துக்கு, பத்து வருஷத்துக்குள் பல லட்சம் பேர் வரலாயினர். அந்த வருமானத்தைக் கொண்டு பாறையைப் பழுது பார்க்கிறார்கள். பன்யோரேஜோவின் வாலிபர்களுக்கு ஜீவனம் கிடைக்கிறது. நாங்கள் போன அன்றும் பாலம் நிறைய ஜனங்கள். கூட்டமில்லாத ஊர் என்று வாக்களித்த என் மருமகனைப் பார்த்தேன். அவன் பள்ளத்தாக்கின் அழகை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்!

இதில் ஒரு சங்கடம் எனக்கு உறுத்தியது. பிற்பகலில் சதுக்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வருகிறார்கள், வாசலில் படம் எடுக்கிறார்கள், பூத்தொட்டியின் பக்கத்தில் படம் எடுக்கிறார்கள், விளிம்பில் நின்று, "ஐயோ, எவ்வளவு ஆழம்!" என்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். ஓர் ஊர் சாவதைப் பார்க்கக் காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்று எண்ணியபோது வெட்கமாயிருந்தது. அந்தக் காசு இல்லாவிட்டால் பாறைக்குக் கம்பி ஏது என்று எண்ணியபோது சமாதானமாயிருந்தது. இரண்டு எண்ணமும் மெய்தான்.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வயது முதிர்ந்த ஒரு மாது வெளியே வந்தாள். கூட்டத்தை அவள் கவனிக்கவே இல்லை. வாசற்படியைத் துடைப்பத்தால் பெருக்கினாள். பூத்தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாக நீர் வார்த்தாள். யாரோ படம் எடுத்தார்கள். அவள் குப்பையை வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காலை முதல் நான் கண்ட எத்தனையோ அதிசயங்களுக்குள் இதுதான் எனக்குப் பெரியதாகப் பட்டது. அவள் பெருக்கியது காட்சிசாலை அன்று, தன் வீட்டு வாசல். சீட்டுப் பணம் பாறையைத் தாங்கலாம். ஊரைத் தாங்குகிறவர்கள் அவளைப் போன்றவர்கள்.

நடுநிசிக்குள்

விடைபெறுவதற்கு முன் கடைக்காரப் பெரியவர் எங்களைத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்று ஒரு மரச் சிலுவையைக் காட்டினார். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தில் எலும்பும் நரம்பும் தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். ஊரில் கொள்ளைநோய் வந்த காலத்தில், தினந்தோறும் வந்து பிரார்த்தித்த ஒரு பெண்ணுடன் இந்தச் சிலுவை பேசி, நோய் நீங்கும் என்று அபயம் அளித்ததாக ஐதிகம்.

வருஷந்தோறும் பெரிய வெள்ளிக்கிழமையன்று இந்த உருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, பாடையில் வைத்து, பாலத்தின் வழியே பன்யோரேஜோவுக்கு ஊர்வலமாகக் கொண்டு போகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நடுநிசிக்குள் அது சீவிதாவுக்குத் திரும்பிவிட வேண்டும். தவறினால் அக்கரையாருக்கே சொந்தமாகிவிடும் என்பது பரம்பரை வழக்கு.

"ஒரு தடவையாவது நேரம் தவறியதுண்டா?" என்றேன்.

பெரியவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். "பிஷப்பைக் கொடுத்தோம், சபையைக் கொடுத்தோம், பிள்ளைகளைக் கொடுத்தோம். இதைக் கொடுப்போமா?" என்றார்.

கட்டைவிரலால் சிலுவையின் அடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு எங்களுடனே பாலத்தில் இறங்கினார். அக்கரை சேர்ந்ததும் கைகொடுத்துவிட்டுத் தம் வீட்டை நோக்கி நடந்தார்.

மே மாதத்தில் அங்கே எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது. கூட்டமெல்லாம் போய்விட்டது. சீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. நாங்கள் காலையில் நின்ற இடத்திலேயே மறுபடியும் நின்றோம். களிமண் முகடுகள் ரோஜா நிறமாகி, சாம்பல் நிறமாகி, பிறகு மறைந்தன. பாறையும் மறைந்தது. அந்தரத்தில் ஒரு விளக்கு தோன்றியது; சற்றுப் பொறுத்து மற்றொன்று. என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஏழு ஜன்னல்களில் விளக்கு எரிந்தது.

"போகலாமா, மாமா?" என்றான் பையன்.

"இன்னும் ஒன்று வருகிறதா பார்க்கிறேன், இரு" என்றேன். வரவில்லை. ஏரிக்கரையை நோக்கித் திரும்பினோம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எரிமலைப் பாடம் வந்ததும் வழக்கம் போல் கூம்பை வரைந்தேன். இந்தத் தடவை அதற்குப் பக்கத்தில் ஒரு குன்றையும், குன்றின் மேல் ஓர் ஊரையும் வரைந்து, ஏழு ஜன்னல்களைப் போட்டேன். களிமண்ணும் பாறையும் மழையும் செய்யும் வேலையை விளக்கி முடித்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அந்த ஊர் விழுந்துவிடுமா, சார்?" என்றான்.

"ஒரு நாள் விழும். அதுவரையில் தினம் சாயங்காலம் அங்கே யாராவது விளக்கு ஏற்றுகிறார்கள்" என்றேன்.

மணி அடித்தது. அன்று படத்தை அழிக்காமலே வகுப்பை விட்டு வந்தேன்.